நாரை கிட்டே வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். பறவைப் படம் எடுக்கிற இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "எத்தனை எம்.எம்.?" அடுத்தது, "கிராப் பாடியா, ஃபுல் ஃப்ரேமா?" எம்.எம். என்பது லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டர் கணக்கில். அது கூடக் கூட தூரத்துப் பறவை பெரிதாக விழும். கேமராவுக்குள் பிம்பம் விழுகிற சென்சார் பழைய ஃபிலிம் அளவே இருந்தால் ஃபுல் ஃப்ரேம், அதைவிடச் சின்னதாக இருந்தால் கிராப் பாடி.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு தம்பி இப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், என்னுது கிராப் பாடி. 300 லென்ஸ் போட்டா 450 ஆயிடும். நீங்க ஃபுல் ஃப்ரேம் வாங்கி ரீச்சை, அதான் தூரத்தை எட்டுறதை, விட்டுட்டீங்களே!" ரொம்ப அனுதாபத்தோடுதான் சொன்னார். என் கையிலும் 300தான். எதிரே தண்ணீரில் நிற்கிற மரத்தில் ஒரு சங்குவளை நாரை, வால்பக்கத்து ரோஜா நிற இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"கணக்குப் போடுவோம் தம்பி" என்றேன். நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 300 லென்ஸ் அதை 6 மில்லிமீட்டர் பிம்பமாகச் சென்சாரில் விழவைக்கும். அவர் கேமராவிலும் 6, என் கேமராவிலும் 6. பிம்பத்தின் அளவு லென்ஸையும் தூரத்தையும் பொறுத்தது. சென்சாருக்கு அதில் பங்கே கிடையாது. தம்பி நம்பவில்லை, கேமராவைத் திருப்பி என்னிடமே காட்டினார். "பாருங்க சார், பெருசா இருக்கே!"

இருக்கும்தான். என் சென்சார் 24 மில்லிமீட்டர் உயரம், அதில் நாரை கால் பங்கு. அவருடையது 16-க்குக் கொஞ்சம் குறைவு, அதில் அதே நாரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டூரிங் டாக்கீஸில் திரையைச் சின்னதாகக் கட்டினால் கதாநாயகன் முகம் மட்டும் திரையில் விழும், கைகால் வெளியே போய்விடும், முகம் வளர்ந்துவிடாது. 1999-இல் நிக்கான் டி1 என்ற சின்னச் சென்சார் டிஜிட்டல் கேமரா வந்தபோதும் இதே கதை. ஃபிலிமுக்கு வாங்கிய லென்ஸை மாட்டினால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டது. அந்த வெட்டுக்குத்தான் "ஒன்றரை மடங்கு" என்று பேர்.

அப்படியானால் தம்பி சொன்னது பொய்யா? பாதி நிஜம். இரண்டும் 24 மெகாபிக்சல், அதாவது சென்சாரில் 2.4 கோடிப் புள்ளிகள் என்றால், என் நாரையின் உயரத்துக்கு ஆயிரம் பிக்சல், அவருடையதற்கு ஆயிரத்து ஐந்நூறு. இறகின் வரிகள் அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அது பிக்சல் நெருக்கத்தால் வந்த லாபம். நிக்கான் டி850 ஃபுல் ஃப்ரேம், 45 மெகாபிக்சல். அதைக் கிராப் அளவுக்கு வெட்டினாலும் 19 மிஞ்சும். கிராப் பாடியான டி500-இல் இருப்பது ஏறக்குறைய 21. பெரிய வித்தியாசமில்லையே! அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சென்சார் சின்னதா என்று கேட்காதீர்கள், பிக்சல் எவ்வளவு நெருக்கம் என்று கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். வெயில் ஏறினால் தண்ணீர்மேல் காற்று நெளியும். அப்போது எந்தச் சென்சாரும் உதவாது, காலையிலேயே போய்விடுங்கள். செல்போன் ஜூமைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஐந்து மடங்கு என்று கடையில் சொன்னால், அதற்கென்று தனி லென்ஸ் இருக்கிறதா, வெட்டிப் பெரிதாக்குகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வணக்கம்.