கல்லறைகள் பிறகு, முதலில் மரங்கள்

(அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரை ஒட்டியுள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் மர நடைக்குப் போவதற்கு முந்தைய மாலை, தமிழ் நண்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நாளைய நடைக்குப் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று இரண்டு மூன்று பேர் தயங்கிக் கேட்டீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா, திரும்பி வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டுமா என்றும் கேட்டார். அது அவரவர் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்து வாருங்கள். ஆட்கள் வந்து உலாவ வேண்டும் என்று திட்டமிட்டே உண்டாக்கிய இடம் அது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாஸ்டனில் இறந்தவர்களை ஊருக்கு நடுவிலேயே புதைத்தார்கள். தேவாலயங்களை ஒட்டிய சின்னச் சின்ன நிலங்கள், தேவாலயத்துக்கு அடியிலேயே நிலவறைகள். எல்லாம் நிரம்பி வழிந்தன. ஜேக்கப் பிகலோ என்ற மருத்துவருக்கு இது பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று 1825-இல் நண்பர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். பிகலோ மருத்துவர் மட்டுமல்ல, தாவரவியலாளரும்கூட. பாஸ்டன் வட்டாரத்துச் செடிகொடிகளைப் பற்றி 1814-லேயே நூல் எழுதியவர்.

அவருடைய யோசனைக்குக் கைகொடுத்தது நகராட்சியும் இல்லை, தேவாலயமும் இல்லை. 1829-இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம்தான் 72 ஏக்கர் காட்டு நிலத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி டியர்பார்ன், மேடுபள்ளங்களை வெட்டிச் சமன்செய்யாமல், அவற்றின் வளைவுக்கு ஏற்றபடியே பாதைகளை அமைத்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கல்லறைகளுக்கு அழகு சேர்ப்பதற்காகப் பிறகு நட்ட மரங்கள் என்று எண்ணிக்கொண்டு வராதீர்கள். செடிகொடிகளை நேசித்தவர்கள், இறந்தவர்களுக்கும் அந்தத் தோப்பில் இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு அது சுமார் 175 ஏக்கர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள்.

1831 செப்டம்பர் 24 அன்று தொடக்க விழா. ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் மக்கள் உட்கார்ந்திருக்க, உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி உரையாற்றினார். அதே ஆண்டில்தான் அவர் தன் பத்து வயது மகளைப் பறிகொடுத்திருந்தார். அந்தப் பேச்சை அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என்னால் படிக்க முடிகிறது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, நாளை அங்கே இறங்குவோம். அதன் அடியில் ஒரு குட்டை. வசந்தத்தின் தொடக்கத்தில் மழை பெய்யும் இரவுகளில், மஞ்சள் புள்ளி போட்ட சாலமாண்டர்கள் (பார்க்கப் பல்லி போன்ற, தவளை இனத்துக்குச் சொந்தமான உயிர்கள்) சருகுக்கு அடியிலிருந்து கிளம்பி அந்தக் குட்டையில் முட்டையிட வரும். சருகு மட்கிக் கிடந்தால்தான் அவற்றுக்கு வாழ்வு. அதனால் அங்கே பாதையை விட்டு விலகாதீர்கள்.

அப்புறம், பாதைகளின் பெயரைக் கவனியுங்கள். வண்டி போகும் அகலமான சாலைகளில் பலவற்றுக்கு மரங்களின் பெயர், நடைபாதைகளில் பலவற்றுக்குச் செடிகளின் பெயர். கிளெத்ரா என்ற பாதையில் ஹாரியட் ஜேக்கப்ஸ் உறங்குகிறார். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். எசமானிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஓர் இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 1897-இல் காலமானார். கிளெத்ரா என்பது கோடைக் கடைசியில் வெள்ளைப் பூங்கொத்து விடும், மணமுள்ள புதர்ச்செடி. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏங்கிக் கிடந்த அந்தப் பெண்மணிக்குத் திறந்த வானத்தின் கீழ் ஒரு பூச்செடியின் பெயரில் முகவரி அமைந்தது. அங்கே கொஞ்ச நேரம் நிற்போம், அவசரமில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹார்வர்டில் ஒரே காலத்தில் பேராசிரியர்களாக இருந்த இருவர் இந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவர் லூயி அகாசி, பனியூழிக் கருத்தை, அதாவது முன்னொரு காலத்தில் பெரும் நிலப்பரப்புகளைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தன என்பதை, உலகறியச் செய்தவர். அவருடைய கல்லறையில் சிற்பம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஆர் பனியாற்றிலிருந்து கொண்டுவந்த ஒரு பாறையை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. மவுண்ட் ஆபர்னின் மேடுகளும் பள்ளங்களும் பனிப்பாளங்கள் விட்டுச் சென்றவையே.

இன்னொருவர் ஆசா கிரே, அமெரிக்கத் தாவரவியலின் பெருந்தலை. ஒவ்வோர் உயிரினமும் அது இன்று வாழும் இடத்திலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்றார் அகாசி. கிரே ஒத்துக்கொள்ளவில்லை. ஜப்பானிலிருந்து வந்த உலர்செடிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பலவற்றின் நெருங்கிய சொந்தங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதைக் கண்டார். நடுவே ஒரு பெருங்கடலும் முக்கால் கண்டமும் கிடக்கின்றன. அப்படியானால் அவை ஒரே மூலத்திலிருந்து பரவி, பனி வடக்கிலிருந்து இறங்கியபோது பிரிந்து போயிருக்க வேண்டும் என்று 1859-இன் தொடக்கத்தில் அகாசியின் முன்னிலையிலேயே வாதிட்டார். டார்வினின் பெரும் நூல் வெளிவந்தது அந்த ஆண்டு நவம்பரில்தான். அகாசி உலகுக்குச் சொன்ன அதே பனியூழி, அவரையே மறுக்கும் வாதத்துக்கு உதவியது!

இந்த வாதத்தை மரமாகவே பார்க்கலாம். டியூலிப் மரத்தடியில் உங்களை நிறுத்துவேன். நெடுநெடுவென்று உயர்ந்த மரம். இலையின் நுனி கூராக இருக்காது, தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். உலகில் இந்த இனத்தில் இருப்பவை இரண்டே வகை. ஒன்று கிழக்கு வட அமெரிக்காவில், மற்றொன்று சீனாவிலும் வியட்நாமிலும்.

பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியைக் கொண்டு வாருங்கள். மே மாதம் வடக்கே போகிற வார்ப்ளர்கள் அந்த மரங்களில் இறங்கி இளைப்பாறும் நேரம். மேட்டில் உள்ள வாஷிங்டன் கோபுரத்தில் ஏறினால் சார்ல்ஸ் ஆறும் பாஸ்டன் நகரமும் தெரியும்.

கடைசியாக பீச் மரங்கள். சாம்பல் நிறம், யானைத் தோல் போன்ற பட்டை. சில வகைகளில் கிளைகள் தரையைத் தொடும்படி தாழ்ந்து, உள்ளே ஓர் அறையே இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் தேடி ஓடுவார்கள், ஓடட்டும். ஆனால் பட்டையில் யாரும் பெயர் கீற வேண்டாம். மெல்லிய பட்டை, கீறினால் அந்த வடு மரம் சாகும்வரை மறையாது.

இந்த மரங்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. பீச் இலை நோய் என்று ஒன்று, 2012-இல் ஒஹாயோவில் முதலில் கண்டறிந்தார்கள். 2020-இல் மாசசூசெட்ஸுக்கும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு மொட்டுக்குள் புகுந்து, இலை விரியும் முன்பே அதைக் கெடுக்கிறது. பெரிய மரங்கள் சில ஆண்டுகள் தாங்கும், இளமரங்கள் சீக்கிரம் போய்விடும். மருந்து தெளித்தும் ஊசி மூலம் செலுத்தியும் காப்பாற்றும் முறைகள் வந்திருக்கின்றன, ஆனால் காட்டில் இருக்கும் எல்லா மரங்களுக்கும் அப்படிச் செய்ய யாரால் முடியும்? நாளை பீச் மரத்தடிக்கு வந்ததும் தலையை உயர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே இலைகளைப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையே கருமையான பட்டைகள் தெரிந்தால் அதுதான் நோய். இலையைப் பறிக்க வேண்டாம், எந்த மரம் என்று என்னிடம் சொன்னால் போதும். அலுவலகத்தில் தெரிவித்துவிடலாம்.

சரி, காலையில் எகிப்திய பாணிக் கருங்கல் வாயிலில் கூடுவோம். உண்ணிகள் உண்டு, லைம் நோயைப் பரப்புபவை. காலை மூடும் உடை போட்டு வாருங்கள்.