கைமாறும் இடத்தில் தொலைகிற பிள்ளைகள்

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்கும், ஆசிரியர் வரச் சொன்னதால் வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். பெருநகரத்தில் அரசுப் பள்ளிகளை எப்படி மேம்படுத்துவது, இளைஞர்களுக்கு எப்படி வாய்ப்பு உருவாக்குவது என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. கட்டடம், கழிப்பறை, ஆசிரியர் காலியிடம், பாடத்திட்டம் எல்லாமே அதற்குள் வரும், எல்லாமே முக்கியம்தான். நான் ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் 22 வருடம் வகுப்பறையில் நின்றதில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு பெண் படித்தாள். கணக்கில் அத்தனை சூட்டிகை, நான் கரும்பலகையில் பாதி எழுதும்போதே மீதியைச் சொல்லிவிடுவாள். இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண், கல்லூரியில் இடமும் கிடைத்தது, எல்லோருமாகக் கைதட்டி அனுப்பிவைத்தோம். 3 வருடம் கழித்து ஒரு கடையில் பில் போடுகிற இடத்தில் அவளைப் பார்த்தேன். "படிப்பு முடிஞ்சுதாம்மா?" என்றேன். "சேரவே இல்லை சார்" என்றாள். ஒரு சான்றிதழில் அவள் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்திக்கொண்டு வா என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். திருத்த வேண்டிய அலுவலகத்தில், பள்ளியில் போய்க் கடிதம் வாங்கி வா என்றிருக்கிறார்கள். பள்ளி விடுமுறை. இவள் இரண்டு தடவை வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள், மூன்றாவது தடவை வரவில்லை, அதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் 10 நிமிடம் ஆகியிருக்கும். என் வீடு அவளுக்குத் தெரியாது, அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பள்ளியைப் பொறுத்தவரை அவள் தேர்ச்சி பெற்றவள், கணக்கு முடிந்துவிட்டது. கல்லூரியைப் பொறுத்தவரை அவள் வராத ஒரு விண்ணப்ப எண். நடுவில் இருந்த அந்த இரண்டு மாதம் அவள் யாருடைய பிள்ளையும் இல்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். பெருநகரத்தில் பிள்ளைகள் தொலைவது பெரும்பாலும் கைமாறும் இடங்களில். வீட்டிலிருந்து பள்ளிக்கு, சின்னப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு, பள்ளியிலிருந்து கல்லூரிக்கு, அங்கிருந்து வேலைக்கு. வாடகை ஏறிவிட்டது என்று வருடத்தின் நடுவில் குடும்பம் வேறு பகுதிக்குப் போகிறதே, அதுவும் ஒரு கைமாற்றம்தான், எந்தக் கோப்பிலும் பதிவாகாத கைமாற்றம். சின்ன ஊரில் பையன் பள்ளிக்கு வரவில்லையென்றால் வழியில் யாராவது ஒருவர் பார்த்துக் கேட்பார். நகரத்தில் அந்த வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தால்தான் நடக்கும், தானாக நடக்காது.

சிகாகோவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 9-ஆம் வகுப்பில் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறுகிறார்கள். புதுக் கட்டடம், பாடத்துக்கு ஒரு ஆசிரியர், யாரையும் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையத்தைச் சேர்ந்த எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் என்ற இருவர் 2005-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 9-ஆம் வகுப்பு முடியும்போது அடுத்த வகுப்புக்குப் போகத் தேவையான பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் இருக்கிற மாணவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள் என்று கண்டார்கள். அதற்கு முந்தைய வருடத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தாலும், குடும்ப வருமானத்தை வைத்துப் பார்த்தாலும், இந்த ஒரு வருடம் சொல்கிற அளவுக்கு அவை எதிர்காலத்தைச் சொல்லவில்லை.

அதே மையம் 2007-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு என்னைத் தூங்க விடவில்லை. 9-ஆம் வகுப்பில் ஒரு பருவத்தில் ஒரு வாரத்துக்கும் குறைவாக விடுப்பு எடுத்தவர்களில் 87 சதவீதம் பேர் 4 வருடத்தில் பள்ளியை முடித்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் வராதவர்களில் 63 சதவீதம்தான். ஒரு வாரம், அவ்வளவுதான். நாம் எல்லோரும் 2 மாதம் வராதவனைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். திங்கள் ஒரு நாள், அப்புறம் ஒரு வெள்ளி, பிறகு தம்பிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள், இப்படி விட்டு விட்டு வராதவனின் பெயர் நம் கண்ணிலேயே படுவதில்லை. அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கிறது, நாமேதான் அதைத் தினமும் எழுதுகிறோம்.

சரி, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். மாயம் ஒன்றும் செய்யவில்லை. யார் சறுக்கத் தொடங்கியிருக்கிறார் என்ற பட்டியலைப் பருவம் முடிகிறவரை காத்திருக்காமல் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள், 9-ஆம் வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசினார்கள், இவனிடம் யார் பேசுவது, இவள் வீட்டுக்கு யார் போன் செய்வது என்று பிரித்துக்கொண்டார்கள். 9-ஆம் வகுப்பை முன்னே சொன்ன மாதிரி சறுக்காமல் முடித்தவர்கள் 2007-இல் 57 சதவீதமாக இருந்தார்கள், 2013-இல் 82 சதவீதமானார்கள். சும்மா பாஸ் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. ஆய்வாளர்கள் அதையும் பார்த்தார்கள். முதலில் முன்னேறிய பள்ளிகளில் 12-ஆம் வகுப்பை முடித்தவர்களும் கூடினார்கள், கூடுதலாகப் பிள்ளைகள் தங்கிய பிறகும் 11-ஆம் வகுப்பின் பொதுத்தேர்வு சராசரி விழவில்லை.

இன்னொரு கைமாற்றம், ரொம்பச் சின்னது. பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும், கண்ணாடி வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அந்தச் சீட்டு பையின் அடியில் கிடந்து கசங்கி ஒரு நாள் குப்பையில் போகும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பள்ளி வளாகத்திலேயே பரிசோதித்து, அங்கேயே கண்ணாடியும் கொடுத்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. முதல் வருடத்தில் வாசிப்பும், சின்ன வகுப்புகளில் கணக்கும் முன்னேறின, கடைசியில் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை நான் எத்தனை தடவை கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேனோ, அதை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

என் மாணவிக்கு நடந்ததற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், கோடையில் கரைவது என்று. கல்லூரிக்குப் போகிறேன் என்று முடிவெடுத்துப் பள்ளியை முடித்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்த விடுமுறை முடியும்போது எங்குமே சேர்ந்திருப்பதில்லை, ஏழைப் பிள்ளைகளில் இது இன்னும் அதிகம். பென் காசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் 2012-இல் சில நகரங்களில் ஒன்று செய்து பார்த்தார்கள். அந்தக் கோடையில் மாணவர்களின் போனுக்கு ஒரு பத்துக் குறுஞ்செய்தி அளவில் அனுப்பினார்கள், இந்தப் படிவத்தை நிரப்பினாயா, இந்தத் தேதி நினைவிருக்கிறதா, உதவி வேண்டுமென்றால் பதில் எழுது, ஆலோசகர் பேசுவார் என்று. ஒரு மாணவருக்குச் செலவு சுமார் 7 டாலர். ஏற்கெனவே உதவி கிடைக்காத இடங்களில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடினார்கள். 12 வருடம் ஒரு பிள்ளைக்குச் செலவழித்துவிட்டு இந்தக் கடைசித் துளியில் கையை மூடிக்கொள்கிறோம், இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் இரண்டு வருடக் கல்லூரிகளில் ஏசாப் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விழுகிற பள்ளத்தை நிரப்பியது, புத்தகத்துக்கு உதவியது, ரயில் பஸ் அட்டையை இலவசமாகக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர், மாணவர் அவரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த மதிப்பீட்டில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் 3 வருடத்தில் பட்டம் வாங்கினார்கள், வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடுதல்தான், ஆனால் முடித்து வெளியே வந்த பட்டதாரிக் கணக்கில் பார்த்தால் செலவு குறைந்துவிட்டது. பணம் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பஸ் அட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நகரத்தில் கல்லூரி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, வேலை இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டும், மாதக் கடைசியில் அந்தக் காசு இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. லண்டன் 2005-லேயே 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பஸ்ஸை இலவசமாக்கிவிட்டது. அதே லண்டனில் 2003-இல் தொடங்கிய லண்டன் சேலஞ்ச் என்ற பள்ளி மேம்பாட்டுத் திட்டம், நன்றாக நடக்கிற பள்ளியின் தலைமையாசிரியரை, அதே மாதிரிப் பிள்ளைகள் படிக்கிற, ஆனால் திணறுகிற பள்ளிக்கு உதவ அனுப்பியது. ஒரு காலத்தில் நாட்டிலேயே கடைசியில் கிடந்த உள்நகரப் பள்ளிகள் 10 வருடத்துக்குள் தேசிய சராசரியைத் தாண்டின. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓடுகிறது, அது ஓடட்டும். பக்கத்துப் பள்ளியைப் போட்டியாளராகப் பார்க்காமல் இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வேலை. நகரத்தில் முதல் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மாமா ஒருவர் சொல்லிவிடுவார், அப்பாவின் நண்பர் போன் செய்வார். சொல்லிவிட ஆள் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? 2012-இல் சிகாகோவில் வன்முறை அதிகமுள்ள பகுதிகளைச் சேர்ந்த 13 பள்ளிகளின் மாணவர்கள் 1,634 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 8 வாரம், வாரம் 25 மணி நேரம் கோடைக்கால வேலை ஏற்பாடு செய்தார்கள். கூடவே வழிகாட்ட ஒரு பெரியவர். சாரா ஹெல்லர் 2014-இல் அதன் முடிவை வெளியிட்டார். அடுத்த 16 மாதத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது அந்தப் பிள்ளைகளில் 43 சதவீதம் குறைவு, அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு வந்த மாதங்களில். 8 வாரச் சம்பளம் எப்போதோ தீர்ந்திருக்கும். நேரத்துக்குப் போவது, கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வது, ஒரு பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளைக்கும் வா என்று சொல்வது, இவை தங்கியிருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியாகப் போகிறார்கள், வாரத்தில் சில நாள் நிறுவனத்தில், மீதி நாள் பள்ளியில். அங்கே படிப்பு முடிந்து வேலை தொடங்குகிற அந்தப் பள்ளமே இல்லை, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிள்ளையைப் பிடித்திருக்கிறார்கள். தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். குச்சியை மாற்றுவதற்கென்றே தடத்தில் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள், அந்த இடத்தில் இரண்டு பேருமே ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்கிறேன். ஏற்கெனவே ஆயிரம் வேலை, இன்னொன்றா என்று நினைக்கிறீர்கள். நியாயம். கைமாறும் இடத்தில் பிள்ளைகளைக் கவனிக்கிற இந்த வேலையை ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது, பள்ளிக்கு ஒருவரையாவது இதற்கென்றே சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும், மேடையில் இருக்கிற நிர்வாகிகளிடம் நான் நேராகக் கேட்பது இதைத்தான். பெற்றோரிடம் கேட்பது ஒன்று: போன் நம்பர் மாறினால், வீடு மாறினால், பள்ளியில் சொல்லுங்கள். பிள்ளைகளே, உங்களை எங்காவது ஒரு கவுன்டரில் திருப்பி அனுப்பினால் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பள்ளி பூட்டியிருந்தாலும் எங்களைத் தேடிப் பிடியுங்கள்.

அந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து, கடைசி வகுப்பை முடித்துப் போகிற ஒவ்வொருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். விடுமுறையில் வாரம் ஒரு தடவை போன் செய்கிறேன். இந்த வருடம் 41 பேர். 39 பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று எழுதியாகிவிட்டது. மீதி இரண்டு பேர் போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், கூட வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.