நின்யாவே நல்ல கப்பல்

அவையோருக்கு வணக்கம்.

1492 ஆகஸ்ட் 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறையிலிருந்து கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு கிளம்பினார். சாந்தா மரியா வயிறு பெருத்த சரக்குக் கப்பல். பின்டாவும் நின்யாவும் 'காரவெல்' வகை. உடல் ஒடுங்கியவை, குறைந்த ஆழத்திலும் மிதப்பவை. இவற்றின் வரைபடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அருங்காட்சியக மாதிரிகள் எல்லாம் ஊகத்தில் கட்டியவை. மூன்றில் கடல் தேடலுக்கு ஏற்றது எது என்றால், நின்யாவைத்தான் சொல்வேன்.

நின்யா புறப்பட்டபோது முக்கோணப் பாய் கட்டியிருந்தது. எதிர்க்காற்றை அறுத்துப்போக அது அருமையான பாய். ஆனால் கனரித் தீவுகளுக்கு அப்பால் காற்று பின்னாலிருந்து வீசும். அப்போது பாயைத் தாங்கும் அந்த நீண்ட சாய்கழி நிலைகொள்ளாமல் ஆடும். பக்கம் மாற்ற வேண்டுமானால் கழியையே பாய்மரத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அதனால் கனரியில் சதுரப் பாய் மாட்டினார்கள். பின்டாவின் சுக்கான் வழியிலேயே இரும்புக் கொக்கிகளிலிருந்து கழன்றது. கயிறு போட்டுக் கட்டினார்கள், மறுபடியும் கழன்றது. அதையும் அங்கேதான் சரிசெய்தார்கள்.

டிசம்பர் 24 இரவு, ஹைட்டி கரையோரம் கடல் அசையவில்லை. சுக்கான் பிடித்தவர் அதை ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். நீரோட்டம் சாந்தா மரியாவை மெல்ல மணல் திட்டில் ஏற்றியது. கனம் குறைக்கப் பாய்மரத்தை வெட்டியும் பயனில்லை; பலகைகளின் இணைப்பு விட்டுப்போயிற்று. கப்பல் கனமானது, தேடலுக்கு ஆகாது என்று கொலம்பஸே குறித்திருக்கிறார். அதன் மரத்தில் கோட்டை கட்டி, 39 பேரை அங்கே விட்டுவிட்டு அவர் நின்யாவில் ஏறினார்.

திரும்பும் வழியில், 1493 பிப்ரவரியில் புயல். உணவும் குடிநீரும் தீர்ந்துகொண்டே வந்ததால் கப்பலின் அடிபாரம் குறைந்து ஆட்டம் அதிகமாகியிருந்தது. காலிப் பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பி அதை ஈடுகட்டினார்கள். எளிய வேலைதான், ஆனால் எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த கடலறிவு அது.

அடிப்பலகைக்குப் புயலைவிடப் பெரிய எமன் கப்பல்புழு. வெப்பக் கடலில் மரத்தைக் குடைந்து சல்லடையாக்கிவிடும். கரையேற்றிச் சுரண்டி, கலப்பற்றுப் பார்த்து (பலகை இடுக்குகளை நாரால் அடைத்து), கீல் என்ற தார் பூசுவதே அன்றைய வைத்தியம். 1492 நவம்பரில் கியூபாவில் ஒரு நேரத்தில் ஒரு கப்பலை மட்டும் கரையேற்றினார்கள். தாக்குதல் வந்தால் தப்ப மற்ற இரண்டும் தண்ணீரிலேயே நின்றன. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் புழு வென்றது. மூன்று பம்புகளோடு பானை சட்டிகளாலும் நீரை இறைத்தும் முடியாமல், 1503 ஜூனில் மிஞ்சிய இரண்டு கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். மாலுமிகள் ஓராண்டு அவற்றின் மேலேயே குடியிருந்தார்கள்.