நாற்பதுக்கு முந்திய மார்புப் புற்றுநோய்: நாட்கணக்கு தவறும் இடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வயதுப் பிள்ளை ஒருத்தி மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று சொன்னால், வீட்டில் முதலில் வருகிற பதில் "பால் கட்டியிருக்கும்". அடுத்தது, "இந்த வயதில் அதெல்லாம் வராது". முதல் பதில் பல நேரம் சரியாகவே இருக்கும். இளவயதில் வரும் மார்புக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய் அல்ல. இரண்டாவது பதில்தான் ஆளை விழுத்துகிறது. இன்றைய பேச்சு அந்தப் பத்தாவது கட்டியைப் பற்றியது.

நோய் மார்புக்குள் மட்டும் நிற்கும்போது கண்டுபிடித்தால், ஐந்து வருடம் கடந்து உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்கக் கணக்கில் 100க்கு 99 பேர். அக்குள் நெறிகளுக்குப் போன பிறகு என்றால் சுமார் 87 பேர். எலும்பு, ஈரல், நுரையீரல் வரை போய்விட்டால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இது எல்லா வயதையும் சேர்த்த கணக்கு. நாற்பதுக்குக் கீழே வருகிற கட்டிகளில் வேகமாகப் பிரிந்து வளர்கிறவை கூடுதல். அதனால் இளையவர்களுக்கு ஒரு மாதத் தாமதமும் சின்னத் தாமதம் அல்ல.

நம்முடைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. நல்ல சேவை, போகவேண்டும். ஆனால் அது 35 வயதையும் 45 வயதையும் குறிவைத்து அழைக்கிற ஏற்பாடு. 28 வயதுக்காரியை அது தேடி வராது. "எனக்கு இன்னும் வயது வரவில்லை" என்று கட்டியோடு காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேரே ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்ச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். பெண் டொக்டர்தான் பார்க்கவேண்டும் என்றால் அதை வாய்விட்டுக் கேட்கலாம். ஒருவர் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் இழுப்பதுதான் கூடாது.

மார்பைத் தடவிப் பார்க்க நல்ல நாள், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து ஏழு முதல் பத்து. அதற்கு முந்திய வாரத்தில் மார்பு இறுகி, எல்லாமே கட்டி போலத் தெரியும். பால் கொடுக்கிறவர்கள் பிள்ளை குடித்து முடித்த கையோடு பார்க்கவேண்டும். விரல் நுனியால் கிள்ளிப் பார்க்காதீர்கள், நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் அழுத்துங்கள். காறை எலும்பு தொடங்கி அக்குள் வரை போகவேண்டும். கல்லுப் போல் இறுகி அசையாத கட்டி, தோடம்பழத் தோல் மாதிரித் தடித்த சருமம், புதிதாக உள்ளே இழுபட்ட காம்பு, ஒரு பக்கத்துக் காம்பில் மட்டும் இரத்தம் கலந்த கசிவு: இவற்றுக்குக் காத்திருப்புக் கிடையாது. நோவில்லையே என்று ஆறுதல்படவும் வேண்டாம். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது.

பால் கொடுக்கும் தாய்மாரிடம்தான் அதிகம் ஏமாறுகிறோம். மார்பு சிவந்து, காய்ச்சலோடு நொந்தால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. அன்டிபயடிக் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். கோர்ஸ் முடிந்து இரண்டு கிழமையாகியும் சிவப்போ கட்டியோ நிற்கிறதா? இரண்டாவது, மூன்றாவது கோர்ஸ் எழுதி வாங்குவது தீர்வல்ல. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் கேளுங்கள். வீக்கத்தோடு வருகிற ஒரு வகைப் புற்றுநோய் வெளித்தோற்றத்தில் தொற்றுப் போலவே இருக்கும்.

மெமோகிராமில் புற்றுக்கட்டி வெள்ளையாகத் தெரியும். இளம் மார்பின் இழையமும் அதில் வெள்ளைதான். பாற்சோற்றுக்குள் தேங்காய்ப்பூத் தேடுகிற கதை. ஆகவே இளையவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மெமோகிராம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கையில் தட்டுப்படுகிற கட்டியை மறக்கக் கூடாது.

ஸ்கேனில் சந்தேகம் வந்தால் திசு எடுக்கிற ஊசி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், பயத்தில் பலர் இதோடு திரும்பி வருவதில்லை. தோலை விறைக்கவைக்க ஒரு சிறிய ஊசி, சில வினாடி எரியும். பிறகு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீறல். அதன் வழியே துப்பாக்கி போன்ற கருவியில் பொருத்திய தடித்த ஊசி போகும். ஸ்டேப்லர் அடிப்பதுபோல "டக்" என்று சத்தம் கேட்கும். சத்தத்துக்குத்தான் ஆள் திடுக்கிடுவார், நோவுக்கு அல்ல. புழுப்போன்ற மெல்லிய திசுத் துண்டுகள் நான்கைந்து எடுத்து போமலின் போத்தலில் போடுவார்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். வீட்டுக்குப் போகலாம். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற கதை நம்மூரில் பலமாக ஓடுகிறது. உண்மை இல்லை. பரவவிடுவது ஊசிக்குப் பயந்து வீட்டில் இருக்கும் நாட்கள்தான். ஊசி போடாமல் கட்டியை நேரே வெட்டி எடுத்து, பிறகு புற்று என்று தெரிந்தால், ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வியோடு இரண்டாவது ஒப்பரேஷனும் வரும்.

ரிப்போட் வந்ததும் "புற்றுநோய்" என்ற ஒரு சொல்லோடு வாசிப்பை நிறுத்தவேண்டாம். ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரொஜெஸ்டரோன் ஏற்பி (புற்றுக் கலம் பெண் ஹோர்மோன்களைப் பிடிக்கிற இடங்கள்), ஹேர்-2 (சில புற்றுக் கலங்களில் அளவுக்கு மிஞ்சி இருக்கும் ஒரு புரதம்) என்று மூன்று வரிகள் இருக்கவேண்டும். இவை தனிச் சாயப் பரிசோதனைகள், சிலவேளை பிந்தி வேறு தாளில் வரும். ஹேர்-2 க்கு 0, 1, 2, 3 என்று புள்ளி. 3 என்றால் ஹேர்-2 ஐக் குறிவைத்துத் தாக்கும் மருந்துக்குத் தகுதி உண்டு. 2 என்றால் முடிவில்லை, இன்னொரு பரிசோதனை வேண்டும். அந்த இரண்டாம் தாளை யாரும் கேட்காமல் விட்டால் பிள்ளைக்குச் சேரவேண்டிய மருந்து சேராது. ரிப்போட் எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி எடுத்து வையுங்கள்.

கட்டியோடு முதல் முறை வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் நிர்ணயம் முடியவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு. சிகிச்சை தொடங்குபவர்களில் 80 வீதத்துக்கு மேல் அதை முடிக்கவேண்டும் என்பது இன்னொன்று. நம்முடைய பகுதியில் இரண்டாவதுதான் கூடுதலாக உதைக்கிறது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மருந்து இலவசம், பயணமும் துணைக்கு வருபவரின் நாட்கூலியும் இலவசம் இல்லை. கோயில் சடங்கு முடியட்டும், நோன்பு முடியட்டும், வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால் மூன்று மாதம் எங்கே போனதென்று தெரியாது. ஒப்பரேஷனுக்குப் பின் மருந்தேற்றுவது (கீமோதெரபி) 90 நாளைத் தாண்டினால் உயிர்தப்பும் வாய்ப்புக் குறைகிறது. வழமையாக நாலு முதல் ஆறு கிழமையில் தொடங்குவார்கள்.

முழு மார்பையும் எடுத்தால்தான் தப்பலாம் என்று சிலர் தாங்களாகவே முடிவெடுக்கிறார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை கொடுத்தவர்களையும் முழு மார்பு எடுத்தவர்களையும் 20 வருடம் பார்த்த ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் கதிர்ச்சிகிச்சையைத் தவறவிடுகிறவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மருந்தேற்றுவது பொதுவாக 21 நாளுக்கு ஒரு முறை. ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் வெள்ளைக் குருதிக் கலங்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். வீட்டில் தெர்மோமீற்றர் ஒன்று கட்டாயம். 38 பாகை காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு. பனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்கி "விடியப் பார்ப்போம்" என்று படுப்பது உயிராபத்து, காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. வாசலிலேயே "புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர், கடைசியாக ஏற்றியது இத்தனையாம் திகதி" என்று சொல்லுங்கள். அன்னமுன்னா இலைக் கசாயம் குடிக்கிறவர்கள் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். கசாயத்தை நம்பி ஒரு தவணையை விடுவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

பிள்ளைப் பேறு பற்றி இளம் பெண்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள். கேட்கவேண்டியது முதல் மருந்தேற்றுக்கு முந்தி. மாதத்துக்கு ஒரு முறை போடும் கொசரலின் ஊசி சூலகத்துக்கு ஓரளவு காவல் கொடுக்கும். மருந்தேற்றும்போது மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம், ஆகவே கருத்தடை தேவை. ஆனால் டெப்போ ஊசி, கையில் வைக்கும் ஜடெல், கருத்தடைக் குளிசை மூன்றிலும் ஹோர்மோன் உண்டு, மார்புப் புற்றுநோய் வந்தவருக்கு ஆகாது. செப்பு லூப்போ ஆணுறையோதான். இதை மிட்வைஃபுக்கும் சொல்லிவையுங்கள்.

ஈஸ்ட்ரஜன் அல்லது புரொஜெஸ்டரோன் ஏற்பி இருக்கிறது என்று ரிப்போட் வந்தவர்களுக்கு டெமொக்சிபன் குளிசை, நாளுக்கு 20 மில்லிகிராம், ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. மருந்தேற்றல் முடிந்து மயிர் வளர்ந்த பிறகு "சுகமாயிட்டுது" என்று இதை நிறுத்துகிறவர்கள் பலர். உடம்பு காய்கிற வெப்பம், தூக்கமின்மை தாங்காமல் நிறுத்துகிறவர்களும் உண்டு, அதற்கு வேறு வழி இருக்கிறது, கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் உடனே போங்கள். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடவேண்டாம்.

குழந்தை வேண்டுமென்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. 18 முதல் 30 மாதம் வரை குளிசை குடித்த 500க்கு மேற்பட்ட இளம் பெண்கள் அதை இரண்டு வருடம்வரை இடைநிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். அந்த ஆய்வு 2023இல் வெளியானது. முதல் மூன்று வருடத்தில் நோய் திரும்பியது, நிறுத்தாதவர்களைவிடக் கூடவில்லை. குளிசையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் விட்டுத்தான் கரு தரிக்கவேண்டும், பிள்ளை பிறந்த பிறகு மிச்ச வருடங்களைத் தொடங்கவேண்டும். நிறுத்துகிற திகதியை டொக்டரோடு பேசி கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.