ஏரிக்கு எல்லாம் சேர்ந்தே வருகிறது

நண்பர்களே, வணக்கம்.

ஏரிக்கரையில் வரிசை வீடுகள் கட்ட ஒரு விண்ணப்பம் வந்துவிட்டால் போதும், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "ஏரி போச்சு" என்கிறது ஒரு தரப்பு. "ஊர் வளர வேண்டாமா?" என்கிறது இன்னொரு தரப்பு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். திட்டக் குழு உறுப்பினர்கள் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் பேசியதில் பெரும்பகுதியை அவர்களால் பயன்படுத்தவே முடிவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். ஒரு விண்ணப்பத்தை ஏற்பதோ மறுப்பதோ எழுதி வைத்த விதிகளின்படிதான் நடக்க வேண்டும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று ஊரே திரண்டு வந்து சொன்னாலும் அதை ஒரு காரணமாக உத்தரவில் எழுத முடியாது. "பதினான்காம் பக்கத்து வரைபடத்தில் மழைநீர்க் குழாய் நேராக ஏரியில் போய் முடிகிறதே, நடுவில் வடிகட்ட என்ன ஏற்பாடு?" என்று ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்படிக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கேள்விகள் பல இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். விண்ணப்பங்கள் குழுவின் மேசைக்கு ஒவ்வொன்றாக வருகின்றன. ஏரிக்கு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நம் பரிசீலனை முறை முதலாவதைப் பார்க்கப் பழகியிருக்கிறது, இரண்டாவதைப் பார்க்கப் பழகவில்லை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் மனையில் கூரை, சாலை, வண்டி நிறுத்துமிடம், நடைபாதை எல்லாம் சேர்ந்து 60 சதவீதத்தை மூடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மூடிய பரப்பில் மட்டும் விழுவது ஒன்றரை லட்சம் லிட்டர். முன்பு அதில் நல்ல பங்கை மண் குடித்திருக்கும், புல்லும் மரமும் பிடித்து வைத்திருக்கும், மிச்சம் மெதுவாகக் கசிந்து ஏரிக்குப் போயிருக்கும். இப்போது சில நிமிடங்களில் ஓடி வருகிறது. வருகிற வழியில் டயர்த் தூசி, எண்ணெய், புல்தரைக்குப் போட்ட உரம், நாய்க் கழிவு, மண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

இதில் ஏரிக்கு உள்ளே போய் அதிகம் கெடுப்பது, உரத்திலும் கழிவிலும் மண்ணிலும் இருக்கும் பாஸ்பரஸ் என்ற சத்து. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கே, ஆராய்ச்சிக்கென்றே சில ஏரிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே 226-ஆம் எண் ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவே திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பூத்தது, மறு பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பாஸ்பரஸ் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஏரியின் அடியில் படிந்த பிறகும் சும்மா இருக்காது. அடி நீரில் ஆக்சிஜன் குறையும்போது வண்டலிலிருந்து விடுபட்டு மறுபடியும் தண்ணீரில் கலக்கும். வரத்தை நிறுத்தினாலும் சில ஏரிகள் பல ஆண்டுகள் தேறாமல் கிடப்பது இதனால்தான்.

மண்ணும் லேசுப்பட்டதல்ல. கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் டஹோ ஏரியில் 1968 முதல் தண்ணீரின் தெளிவை அளந்து வருகிறார்கள். ஒரு வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பார்கள். அன்று சுமார் 30 மீட்டர் ஆழம் வரை தெரிந்த அந்தத் தட்டு இன்று சுமார் 20 மீட்டரிலேயே மறைந்துவிடுகிறது. காரணம் தேடியபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மண் துகள்கள்தான் முக்கியக் குற்றவாளி என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பங்கு சாலைகளும் கட்டடங்களும் உள்ள பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே பெரிய தொழிற்சாலை எதுவும் ஏரியைக் கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீடு, சாலை, விடுதி, இவ்வளவுதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். அதில் ஒரு வாக்கியம் இருக்கும்: "இத்திட்டத்தால் ஏரி நீரின் தரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது." பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். அந்தப் பத்து இருபது வீடுகளால் மட்டும் ஏரி கெட்டுவிடாது. அடுத்த ஆண்டு பக்கத்து மனைக்கு வரும் விண்ணப்பத்திலும் அதே வாக்கியம் இருக்கும், அதுவும் உண்மையாக இருக்கும். எல்லா அறிக்கைகளும் உண்மை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஏரி சாகலாம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் நேர்ந்தது. அந்த ஏரியைச் சுற்றிச் சிறு நகரங்கள் வேகமாக வளர்ந்தன. ஒவ்வொன்றும் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கழிவுநீரைச் சுத்திகரித்து, ஏரியில் விட்டது. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, முறைப்படி நடந்த வேலை. ஆனால் சுத்திகரித்த நீரிலும் பாஸ்பரஸ் மிச்சம் இருந்தது. 1955-இல் ஏரியில் ஒரு வகைப் பாசி தென்பட்டது. ஐரோப்பாவில் சில ஏரிகள் கெடத் தொடங்கியபோது தலைகாட்டிய அதே பாசி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் அதன் பொருள் என்னவென்று எடுத்துச் சொன்னார். நகரங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் அமைப்பு வேண்டும் என்று 1958 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், தோற்றது. விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மக்களிடம் போய் வென்றார்கள். 1963-இல் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிடத் தொடங்கி 1968-இல் முடித்தார்கள். ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாமல் கலங்கியிருந்த ஏரி சில ஆண்டுகளில் தெளிந்தது. தனித்தனியாக யாரும் தவறு செய்யாத இடத்தில், தனித்தனியாக யாராலும் சரிசெய்யவும் முடியவில்லை. சேர்ந்து கணக்குப் பார்த்த பிறகுதான் முடிந்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏற்கெனவே அனுமதி கொடுத்தவை, கட்டிக்கொண்டிருப்பவை, பரிசீலனையில் இருப்பவை எல்லாம் சேர்ந்தால் மூடிய பரப்பு எவ்வளவு? அந்த மொத்தத்தில் இந்த மனையின் பங்கு என்ன? இந்தக் கேள்வியை விண்ணப்பதாரரிடம் மட்டும் கேட்டால் நியாயமில்லை. பக்கத்து மனைக் கணக்கு அவரிடம் இருக்காது. குழுவிடம் கேளுங்கள்.

அடுத்தது தூரம். கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்று விதி சொல்லும். எங்கிருந்து அளப்பது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வறண்ட மாதத்தில் அளந்தால் கரை உள்ளே போயிருக்கும், வீடும் அதோடு உள்ளே போகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வழக்கமாக நீர் ஏறி நிற்கும் உயர்மட்டத்திலிருந்து 75 அடி என்று வைத்திருக்கிறார்கள். கரையில் செடிகொடிகள் மாறும் இடம், அலை அரித்த தடம் இவற்றை வைத்து அந்த மட்டத்தைக் குறிப்பார்கள். வரைபடத்தில் ஏரி ஓரமாக ஒரு நீலக்கோடு இருந்தால், அது எந்த மட்டம், எந்த நாளில் அளந்தது என்று கேளுங்கள்.

அதே மாநிலம் ஏரிக்கரைகளுக்கான சட்டத்தை 1966-இலேயே கொண்டுவந்துவிட்டது. ஒரு நிலச் சொந்தக்காரர் அனுமதி வாங்காமல் கரையோரச் சதுப்பில் மண் கொட்டி நிரப்பினார். தடுத்தபோது, "என் நிலம், தடுப்பதென்றால் இழப்பீடு கொடுங்கள்" என்றார். 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்தின் இயற்கைத் தன்மையையே மாற்றி, அதற்குப் பொருந்தாத வேலைக்கு, மற்றவர் உரிமைக்குக் கேடு வரும்படி பயன்படுத்தும் கட்டற்ற உரிமை எந்தச் சொந்தக்காரருக்கும் இல்லை என்றது. விதி முன்கூட்டியே இருந்ததால் தடுத்தவர்கள் பக்கம் வென்றது.

மாறான உதாரணம் பெங்களூரு. ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. நகரின் மாஸ்டர் பிளானில் இருந்ததோ 30 மீட்டர். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி வகுத்த திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பது அதன் நிலை. 75 மீட்டர் நல்ல தூரம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் திட்டம் வகுக்கும் நாளில் போராடிப் பெற வேண்டியதை, கட்டடம் எழும் நாளில் கேட்டால் கிடைப்பது கடினம். மாஸ்டர் பிளான் திருத்தக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, கட்டடம் வரும்போது மண்டபம் நிரம்புகிறது. இது மாற வேண்டும்.

இப்போது உங்களில் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வரிசை வீடு என்ற வடிவத்தையே எதிரியாக நினைக்காதீர்கள். அதே எண்ணிக்கையில் தனித்தனி வீடுகள் கட்டினால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாலை, தனிக் கூரை, தனிப் புல்தரை, ஏரிக்குத் தனிப் படித்துறை என்று கரை முழுக்கப் பரவிவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை மேட்டுப் பக்கமாக நெருக்கி வைத்து, கரையோரத்தை மரமும் நாணலுமாக அப்படியே விட்டால் ஏரிக்கு அதுவே நல்லது. "எண்ணிக்கையைக் குறை" என்று கேட்பதைவிட "கரையிலிருந்து தள்ளு, மூடிய பரப்பைக் குறை" என்று கேட்பதில் பலன் அதிகம். அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிக்கரை விதி ஒரு மனையில் நீர் புகாத பரப்பு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அது வீடுகளை எண்ணவில்லை, மண்ணை எண்ணுகிறது.

கரைச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்குத்தான கான்கிரீட் சுவர் அலையைத் திருப்பி அடிக்கும், சுவரின் அடியில் மண் அரிக்கும். சரிவாக விட்டுச் செடி வளர்த்த கரை அலையை வாங்கிக்கொள்ளும், மீன் குஞ்சுக்கும் இடம் கொடுக்கும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது அனுமதிக்குப் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி. வரைபடத்தில் மழைநீரைத் தேக்கி வடிகட்டும் ஒரு குட்டை இருக்கும். நல்ல ஏற்பாடுதான். அந்தக் குட்டையில் வண்டல் படியும், அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் பெருமழையில் படிந்ததெல்லாம் கிளம்பி ஏரிக்குப் போகும். நீர் புகும் தளக்கற்கள் போடுவார்கள், இடுக்குகளில் தூசி அடைத்துக்கொண்டால் அவையும் சாதாரணக் கல்தான். யார் சுத்தம் செய்வது? கட்டியவர் வீடுகளை விற்றுவிட்டுப் போய்விடுவார். குடியிருப்போர் சங்கம் கையில் வரும். குட்டை எதற்காக இருக்கிறது என்பதே சங்கத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. கொசு வருகிறது, மூடிவிடலாம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆகவே அனுமதி உத்தரவிலேயே நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்பது கிரயப் பத்திரத்தோடு போக வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வு அறிக்கை பொதுமக்கள் பார்க்கும்படி தாக்கலாக வேண்டும். பராமரிப்புக்கென ஒரு வைப்புத் தொகை முதலிலேயே கட்டப்பட வேண்டும். செய்யத் தவறினால் உள்ளாட்சி அமைப்பே செய்து, செலவை வசூலிக்கும் அதிகாரமும் உத்தரவில் இருக்க வேண்டும். இவை இல்லாத நிபந்தனை வெறும் விருப்பம்.

கட்டுமானக் காலத்தையும் மறந்துவிடாதீர்கள். புல்லைச் சுரண்டி மண்ணைத் திறந்து போட்டிருக்கும் அந்த மாதங்களில் ஏரிக்குப் போகும் மண், வீடுகள் முடிந்த பிறகு பல ஆண்டுகளில் போவதைவிட அதிகமாக இருக்கலாம். மனை முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறக்க வேண்டும், மழைக்காலத்துக்கு முன் திறந்த மண்ணை மூட வேண்டும், கரையோரம் வண்டல் தடுப்புத் துணி கட்ட வேண்டும் என்றெல்லாம் கேட்கலாம். முதல் பெருமழை அன்று யாராவது போய் அந்தத் துணி நிற்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேலை. கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். பக்க எண், விதி எண், கேள்வி, நீங்கள் கேட்கும் நிபந்தனை, இவ்வளவு போதும். எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும், நாளை மேல்முறையீடு வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அனுமதி ஆவணங்களின் நகலையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம் அடுத்த விண்ணப்பம் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து மூடிய பரப்பைக் கூட்டிப் பார்க்க அது வேண்டும்.

நன்றி. கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.