பாயை முன்னால் போடுங்கள்

(தலைப்பு: ஊர்த் திருவிழாவின் இரவு ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு போவது தகுமா, தகாதா? 'தகும்' அணியின் உரை)

நடுவர் அவர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். ஆட்டம் ஆபாசம். சத்தம் சட்ட விரோதம். கூட்டம் குடிகாரக் கூட்டம். ஆகவே பத்து மணி அடித்ததும் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள் என்பது அவர் தந்த மருந்து. ஐயா, நோயே அந்த மருந்தில்தான் இருக்கிறது! தாய்மார்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த பிறகு ஆடுகளத்தைச் சுற்றி மிச்சம் இருப்பது யார்? அந்த மிச்சத்துக்காகத்தான் அதன் பிறகு பாட்டு மாறுகிறது, வசனம் மாறுகிறது.

முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெளிவாகட்டும். நண்பர் கரகாட்டத்தையும், பதிவுப் பாட்டுக்கு ஆடும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சியையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டார். கரகத்திலேயே இரண்டு உண்டு. வேப்பிலை சுற்றி நீர்த்துறையிலிருந்து எடுத்து வருவது சக்தி கரகம். அது வழிபாடு, வேடிக்கை பார்ப்பதற்கல்ல. இரவில் களத்துக்கு வருவது ஆட்டக்கரகம். பித்தளைக் குடத்துக்குள் அரிசியோ மணலோ போட்டு எடை ஏற்றி, மேலே ஜோடனை வைத்து, உச்சியில் கிளிப் பொம்மையைச் செருகுவார்கள். எடை எதற்கு? வெறும் குடம் தலையில் நிற்காது. அடி கனத்தால்தான் மேலே இருக்கும் ஜோடனை அலைந்தாலும் குடம் அசையாது. ஆடுகிறவரின் முழங்காலும் இடுப்பும் அதிர்வை வாங்கிக்கொள்ள, கழுத்து கம்பம்போல நிற்கும். அப்படியே பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிறார்களே, அதைக் குழந்தைகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அடுத்து, கரகத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். தவில்காரர் கரகக்காரரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தை அல்ல. காலைப் பார்த்து அடி விழும், அடியைக் கேட்டு கால் மாறும். இந்தப் பேச்சுவார்த்தை பென்டிரைவில் நடக்காது. பதிவுப் பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது பாருங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். நண்பர் சொன்னது பாதி சரி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பின்னால் வந்த திருத்தம் இசைக்கருவிகளையும் இதில் சேர்த்துவிட்டது. அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம். அந்த விலக்கு நம் ஊருக்கு உண்டா என்று கமிட்டி காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியில் எந்த நேரம் எழுதியிருக்கிறதோ அதற்குள் முடிக்க வேண்டும்.

விடிய விடிய ஆடினால்தான் திருவிழா என்று என் அணி சொல்லவில்லை. நேரம் எங்கே போகிறது என்று கணக்குப் பாருங்கள். எட்டு மணி என்று நோட்டீஸ் அடிப்பார்கள். சாமி புறப்பாடு முடியும்வரை மேளம் அங்கே போய்விடும். திரும்பி வந்தால் துண்டு போர்த்தும் படலம். தலைவருக்கு ஒரு துண்டு, துணைத் தலைவருக்கு ஒரு துண்டு, தலைவருக்குத் துண்டு போர்த்தியவருக்கு ஒரு துண்டு! பிறகு நன்கொடையாளர் பட்டியல். கரகம் களத்துக்கு வரும்போது மணி பதினொன்று. மரியாதையையும் பட்டியலையும் ஆட்டத்துக்கு நடுவே, கலைஞர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேர ஆட்டம் நிம்மதியாக முடியும்.

குடிகாரக் கூட்டம் என்றாரே, அது எப்படி உருவாகிறது? பாதிக் காரணம் மேடை. நாலடி உயரத்துக்கு மேடை போட்டால், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இளவட்டங்கள் வரிசையாக நிற்பார்கள். பின்னால் தரையில் உட்கார்ந்த பெண்களுக்கு முதுகுதான் தெரியும். அரை மணி நேரம் பார்ப்பார்கள், எழுந்து போவார்கள். அவ்வளவுதான், இரவு கைமாறிவிட்டது. கரகத்துக்கு மேடையே ஆகாது. பலகை துள்ளினால் துள்ளல் நேரே குடத்துக்குப் போகும். தரைதான் சரி. இருபதடி வட்டத்தில் கல், முள், கண்ணாடிச் சில்லு பொறுக்கி, சாயங்காலமே தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். கடைசி நேரத்தில் தெளித்தால் கால் வழுக்கும்; தெளிக்காவிட்டால் புழுதி எழுந்து நாயனக்காரர் தொண்டையை அடைக்கும். முளையடித்துக் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டிப் பெண்களும் குழந்தைகளும், அவர்களுக்குப் பின் முதியவர்கள், கடைசியில் நிற்கிறவர்கள். இந்த வரிசை ஒன்றே பாதிக் காவல்.

மீதிப் பாதி விளக்கு. ஆட்டம் தொடங்கியதும் பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்கிறார்களே, அதைச் செய்யவே கூடாது. இருட்டில்தான் பாட்டில் திறக்கும், கை நீளும். ஃபோகஸ் விளக்கை ஆடுகிறவரின் கண்ணுக்கு நேரே வைக்காமல் இரு பக்கமும் உயரத்தில் கட்டுங்கள். ஒரு புள்ளியைப் பார்த்துத்தான் அவர் சமநிலை பிடிக்கிறார். கண் கூசினால் குடம் போச்சு. ஜெனரேட்டர் வயர் தரையில் ஓடக் கூடாது. ஈரத் தரை, உட்கார்ந்திருப்பது குழந்தைகள். கம்பம் நட்டு மேலே கொண்டு போகட்டும்.

ஆபாசம் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை, நடுவர் அவர்களே. இருக்கிறது. ஆனால் அது எந்த வழியாக உள்ளே வருகிறது? பணம் வழியாக. ரூபாய் நோட்டை ஆடும் பெண்ணின் உடையில் ஊக்கால் குத்தும் பழக்கம் இருக்கிறதே, அது பாராட்டு இல்லை, தொடுவதற்கு வாங்கும் சீட்டு. அன்பளிப்பு எதுவானாலும் கமிட்டி ஆளிடம் கொடுத்து மைக்கில் பெயர் சொல்லட்டும்; கயிற்றைத் தாண்டி ஒருவரும் வரக் கூடாது. இன்னொன்று, அச்சாரம் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தை ஆட்டம் முடிந்த பிறகு தருகிற வழக்கம். அந்தப் பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டுதான் "அந்தப் பாட்டுக்கு ஒன்று ஆடிவிட்டுப் போ" என்று மிரட்டுகிறார்கள். இடைவேளையிலேயே கணக்கைத் தீர்த்துவிட்டால் "முடியாது" என்று சொல்லும் தெம்பு கலைஞருக்கு வரும். உடை மாற்ற நாலு பக்கமும் மறைத்த, மேலேயும் மூடிய அறை, பூட்டோடு ஒரு கழிப்பறை. இவற்றைக் கேட்காமல் கலையைப் பழிக்கலாமா?

சட்டமும் கையைக் கட்டிக்கொண்டு இல்லை. குறவர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று வழக்குப் போன பிறகு, 2023-இல் தமிழக அரசு 'குறவன் குறத்தி ஆட்டம்' நடத்தத் தடை போட்டது. பொது இடத்தில் ஆபாசமாக ஆடினாலும் பாடினாலும் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 296-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு. அழைக்கும்போதே என்ன ஆடப்படும், என்ன ஆடப்படாது என்று எழுதி வாங்கிக்கொண்டால் நடுராத்திரியில் தகராறு இல்லை.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே கைக்குழந்தையோடு உட்காராதீர்கள். நாயனம் இருக்கும் பக்கம் கேட்பதற்கும் நல்லது. மாசி, பங்குனிப் பனிக்கு ஒரு போர்வை. நடக்கிற பிள்ளையின் கையில் செல் நம்பரை எழுதிவிடுங்கள். தொலைந்தால் தேரடியில் வந்து நிற்கச் சொல்லுங்கள். கடைசி பஸ் போயிருக்கும், தெருக்காரர்களோடு சேர்ந்தே திரும்புங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, அமர்ந்துவிடுகிறேன். எதிரணி நண்பருக்கு மட்டும் ஒன்று: அடுத்த திருவிழாவுக்கு நீங்களும் வீட்டாரோடு ஏழரைக்கே வந்துவிடுங்கள். கயிற்றை ஒட்டி உங்களுக்கும் ஒரு பாய் போட்டு வைக்கிறோம்.