குழி தோண்டும் கருவிக்குப் பக்கத்தில் ஆள் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டால் தோட்டம் வைக்கிறவர்களுக்கு ஒரே கவலைதான். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் குழி எடுத்து, காயப்போட்டு, எரு கலந்து மூடி வைக்க வேண்டும். மாங்கன்று ஆனாலும் முருங்கை ஆனாலும் வேலிக்குக் கல்கால் ஊன்றுவது ஆனாலும் முதல் வேலை குழிதான். கடப்பாரை பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், டிராக்டரில் மாட்டும் குழி தோண்டும் கருவி ஊருக்கு ஊர் வந்துவிட்டது. நல்ல பதத்தில் இருக்கும் மண்ணில் ஒரு குழி ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விவசாயிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டும் அதன்மேல் ஏறிக்கொண்டும் நிற்கிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கருவியின் அமைப்பு எளியது. டிராக்டரின் பின்புறம் மூன்று முனை இணைப்பில் ஒரு சட்டத்தை மாட்டுகிறோம். அதன் நுனியில் ஒரு கியர் பாக்ஸ். கியர் பாக்ஸுக்குக் கீழே ஆகர் எனப்படும் திருகுத் தண்டு தொங்குகிறது. எஞ்சினின் விசையைக் கருவிக்குக் கொடுப்பது டிராக்டரின் பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டு. அதையும் கியர் பாக்ஸையும் இணைப்பது பி.டி.ஓ. ஷாஃப்ட். இரண்டும் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகின்றன. பெரும்பாலான கருவிகளில் கியர் பாக்ஸ் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து ஆகருக்குத் தருகிறது.

இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் தூக்கத்தான் செய்யும், கீழே அமுக்காது. நெம்புகோலைத் தாழ்த்தினால் கருவி தன் எடையில் இறங்குகிறது, அவ்வளவுதான். மண்ணுக்குள் ஆகரை இழுத்துப் போவது அதன் எடையும், அடியில் உள்ள கூர்முனையும், இரண்டு பக்க வெட்டு பிளேடுகளும்தான். மரத்தில் திருகாணி இறங்குவது போல அது தானாக இறங்க வேண்டும்.

காய்ந்த கரிசலிலோ இறுகிய செம்மண்ணிலோ பிளேடு மழுங்கிய ஆகரை வைத்தால் அது இறங்காது. ஒரே இடத்தில் சுற்றி மண்ணை மழமழவென்று தேய்த்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் டிரைவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, மேலே ஏறி நில்லுப்பா" என்கிறார். பக்கத்தில் இருக்கும் பையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டத்தில் ஏறுகிறான். காலுக்கு ஒரு முழத்துக்குள் பி.டி.ஓ. ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆகர் ஒரு கல்லில் பட்டால் சட்டம் துள்ளும். துள்ளினால் அவன் எங்கே விழுவான்?

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 540 என்றால் விநாடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் குழாய்ச் சுற்றளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடியில் 180 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டிவிடும். அது தோளில் கிடக்கும் நாலு முழத் துண்டின் முழு நீளம். துணி மாட்டியது தெரிந்து, இழுக்கலாமா கத்தலாமா என்று மனிதன் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டிரைவர் கிளட்சை மிதிக்கவும் நேரம் இருக்காது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். இந்தக் கருவி ஓடும்போது டிராக்டர் சீட்டில் இருப்பவர் தவிர வேறு எவரும் 25 அடிக்குள் வரக்கூடாது. ஆள் தேவைப்படுகிறது என்று தோன்றினால் கருவி சரியில்லை, அல்லது மண் பதமாயில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமே ஒழிய ஆளை ஏற்றக்கூடாது.

மண்ணில் இருந்து தொடங்குவோம். கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து குத்துங்கள். ணங்கென்று எகிறினால் கருவியை இறக்காதீர்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்கிற பதத்தில் வேலை சுளுவாக நடக்கும். மழை இல்லையென்றால் குழி எடுக்கும் இடத்தில் கடப்பாரையால் ஒரு சிறு பள்ளம் குத்தி முதல் நாள் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையில் ஆகர் இறங்குகிற விதமே வேறாக இருக்கும். சுக்கான் பாறையும் ஓடைக்கல்லும் நிறைந்த நிலத்தில் மட்டும் இந்தக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே ஜே.சி.பி.யோ ஆளோதான் சரி.

அடுத்தது வாங்கும்போது. கடைக்காரர் முதலில் "உங்கள் டிராக்டர் எத்தனை எச்.பி.?" என்று கேட்பார். நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது எதற்குக் குழி என்பதை. கல்கால் ஊன்றவும் டிராகன் பழத்துக்குக் கான்கிரீட் தூண் நடவும் 9 அல்லது 12 அங்குல ஆகர் போதும். முருங்கை, கொய்யா, தேக்குக்கு ஒன்றரை அடிக் குழி, அதற்கு 18 அங்குலம். மாவுக்கும் தென்னைக்கும் 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி என்பது பழைய கணக்கு. அதற்கென்று 36 அங்குல ஆகர் விற்கிறார்கள். அதைச் சுற்ற 45, 50 எச்.பி. டிராக்டர் வேண்டும், மண்ணும் இளக்கமாக இருக்க வேண்டும். சதுரக் குழியில் வருகிற மண்ணில் வட்டக் குழியில் 100க்கு 78 பங்குதான் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கெட்டி நிலத்தில் தென்னைக்கு 36 அங்குலம் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. 12, 18 என்று இரண்டு ஆகர்களை வாங்கிக்கொண்டு தென்னைக் குழிக்கு மட்டும் ஜே.சி.பி. வைப்பவர் பிழைத்துக்கொள்வார்.

மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவியின் பாரமெல்லாம் பின்னால் தொங்குகிறது. ஆகரைத் தூக்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் வெயிட் மாட்டாமல் வரப்பு ஏறாதீர்கள். 12 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

கடையில் பெயிண்டைப் பார்க்காதீர்கள், பிளேடைப் பாருங்கள். போல்ட் கழற்றி மாற்றக்கூடியதா? கூர்முனை தனியாகக் கிடைக்குமா? ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, அதைச் சட்டத்தோடு கட்டும் சிறு சங்கிலி இருக்கிறதா? ஷாஃப்ட் உள்ளே சுற்ற, உறை சுற்றாமல் நிற்பதற்காகத்தான் அந்தச் சங்கிலி. பல இடங்களில் முதல் மாதமே உறை உடைந்து, கிரீஸ் அடிக்க வசதி என்று அதைக் கழற்றியும் போட்டுவிடுகிறார்கள். புது உறையின் விலை ஒரு சட்டை, வேட்டியின் விலைதான். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய்கள், அதன் நீளமும் முக்கியம். உங்கள் டிராக்டரில் மாட்டி, முழுக்கத் தூக்கியும் முழுக்கத் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். நீளம் அதிகமானால் ஒன்றுக்குள் ஒன்று முட்டி கியர் பாக்ஸை உடைக்கும். குறைந்தால் வேலை நடக்கும்போதே கழன்று சாட்டையாகச் சுழலும். உள்குழாயும் வெளிக்குழாயும் எந்த நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும்.

ஷியர் போல்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்லிலோ வேரிலோ ஆகர் மாட்டிக்கொண்டால் முறிவதற்கென்றே ஷாஃப்டில் வைத்திருக்கும் போல்ட் அது. அது முறிந்தால் கருவி பிழைத்தது என்று அர்த்தம். அடிக்கடி முறிகிறதே என்று எரிச்சல்பட்டு, அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் முறிவது கியர் பாக்ஸ், இல்லையென்றால் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு. நீளமான போல்ட்டைப் போடுவது அதைவிட மோசம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு விரல் நீளம்தான் சேலை முந்தானையையும் லுங்கி நுனியையும் முதலில் கவ்வுகிறது. கருவியோடு கொடுத்த அளவிலும் தரத்திலும் பத்துப் போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

வயலில் ஆள் கிட்டே வருவதற்கு இன்னொரு காரணம், குறியில் இறக்குவது. ஆகர் ஊஞ்சலாடுவதால் கையால் பிடித்துக் குறிமேல் வைக்கிறார்கள். இதற்கு எளிய வழி இருக்கிறது. குறியைச் சுண்ணாம்பால் சீட்டில் இருந்தே தெரியும்படி பெரிய கூட்டல் குறியாகப் போடுங்கள். பி.டி.ஓ.வைப் போடாமலே ஆகரை மெல்ல இறக்கி, கூர்முனை குறியைத் தொட்ட பிறகு பி.டி.ஓ.வைப் போடுங்கள். கை எதற்கும் தேவைப்படாது. இரண்டு அங்குலம் விலகினால் விலகட்டும். மரத்துக்கு அது தெரியாது, வேலிக்கல்லைக் குழிக்குள்ளேயே நகர்த்திக்கொள்ளலாம்.

ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள். ஒரே மூச்சில் மூன்றடி இறக்கக் கூடாது. ஓரடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதறவிட்டு மறுபடி இறக்குங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, திணறுவது போலக் கேட்டால் உடனே தூக்க வேண்டும். குழிக்கு வெளியே முழுக்கத் தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள், அந்தக் கோணத்தில் ஷாஃப்டின் மூட்டு தாங்காது. சுற்றி விழுந்த மண்ணை ஆகர் சுற்றும்போதே மண்வெட்டியால் இழுக்க வேண்டாம். டிராக்டர் அடுத்த குறிக்குப் போன பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

ஆகர் மண்ணுக்குள் சிக்கிக்கொண்டால் ஹைட்ராலிக்கால் இழுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். அப்படிச் செய்யாதீர்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பெரிய பைப் ரெஞ்சை ஆகரில் மாட்டி, அது சுற்றிய திசைக்கு எதிராக இரண்டு மூன்று சுற்று திருப்பினால் பிடி விட்டுவிடும். ரெஞ்சைக் கழற்றி வைத்த பிறகுதான் எஞ்சினை எடுக்க வேண்டும்.

தோண்டும் முன் கொஞ்சம் மேலேயும் கீழேயும் பாருங்கள். தூக்கிய கருவி டிராக்டரைவிட உயரம். தாழத் தொங்கும் மின்கம்பிக்கு அடியில் குழி வேண்டாம். கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே கேபிள் புதைத்திருக்கும், சொட்டுநீர்க் குழாய் போயிருக்கும், சாலையோரம் தொலைபேசிக் கேபிள் இருக்கும். நிலத்தின் பழைய ஆளைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

குழி எடுத்த பிறகு கரிசல்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் ஆகர் குழியின் சுவரைப் பூசி மெழுகிவிடும். இளம் வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும், தண்ணீரும் வடியாது. மண்வெட்டி நுனியால் சுவரை நாலு பக்கமும் கொத்திக் கீறிவிட்டு எருவைப் போடுங்கள். குழியைத் திறந்து போட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஓரடி அகலத்தில் மூன்றடி ஆழம் என்றால் ஒரு சின்னக் குழந்தை உள்ளே விழ அது போதும், ஒரு மழை பெய்தால் அதில் தண்ணீரும் நின்றுவிடும். காயப்போடுகிற நாட்களில் பலகையோ முள்ளோ போட்டு மூடி வையுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் குழிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. குழிக்கணக்கில் பேசினால் டிரைவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. ஷியர் போல்ட் மாற்ற இறங்கும்போது அவர் எஞ்சினை அணைக்க மாட்டார். மணிக்கணக்கில் பேசுங்கள். உறை இல்லாத ஷாஃப்டோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் நிலத்தில் வேலை செய்கிற ஆளுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

சொந்தமாக வாங்குவதென்றால் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் மானியம் பற்றி விசாரித்துவிட்டு வாங்குங்கள். பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம், உழவன் செயலியிலும் பார்க்கலாம். வாங்கிய அன்றைக்கே டிரைவரையும் உடன் வேலை செய்பவர்களையும் கூட்டி வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்து கருவியைக் கழற்றும் நேரம். மேல்பாரம் அதிகமான கருவி இது. நின்ற வாக்கில் இணைப்புப் பின்னைக் கழற்றினால் காலில் சாய்ந்துவிடும். சமதரையில், கருவிக்கு உரிய ஸ்டாண்டில் சட்டத்தை நிறுத்தி, ஆகர் நுனி தரையில் ஊன்றியிருப்பதைப் பார்த்துவிட்டு முதலில் ஷாஃப்டையும் பிறகு டாப் லிங்க் என்னும் மேல் இணைப்புக் கம்பியையும் கழற்றுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.